ஆரஞ்சு ரோபோ வந்துவிட்டது, ஆலோசகரிடம் போய் என்னதான் கேட்பது?

சாட்ஸ்வர்த் மல்லி:

வணக்கம். என் தமிழ் சனிக்கிழமை வகுப்புத் தமிழ், ஆயா பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக் கொடுக்கிற தமிழ். இது ஆயாவிடம் காட்ட முடியாத விஷயம் என்பதால் நானே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டர்பனில் பிஎஸ்சி இரண்டாம் ஆண்டு. பல்கலையின் பெயர் வேண்டாம். பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி இரண்டும் மேஜர். போன வாரம் முதல் செமஸ்டர் முடிவு வந்தது, போர்ட்டலைத் திறந்தால் என் பெயருக்குப் பக்கத்தில் ஆரஞ்சு. (ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: இங்கே டிராஃபிக் சிக்னலுக்கு ரோபோ என்றுதான் பெயர். படிப்பு எப்படிப் போகிறது என்பதையும் அதே மாதிரி பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று காட்டுகிறார்கள், அதையும் ரோபோ என்றே சொல்கிறோம்.)

மார்க்கையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப் போகிறது. முதல் ஆண்டில் எட்டு மாட்யூலில் ஆறு பாஸ் (பாஸுக்கு 50 வேண்டும்). பிசிக்ஸ் 39, சப், அதாவது துணைத் தேர்வு, எழுதவே விடவில்லை. கெமிஸ்ட்ரி இரண்டாம் பகுதி 43, சப் எழுதி 45. நாற்பதைத் தாண்டியிருந்ததால் பயோகெமில் சேர விட்டார்கள். இந்த ஆண்டு பிசிக்ஸை மறுபடி எழுதி 54, மைக்ரோ 57. பயோகெம் 41, சப்பில் 46. ஸ்டாட்ஸ் 36.

படிப்புச் செலவு முழுக்க என்எஸ்ஃபாஸ் பணம், அரசு மாணவர்களுக்குத் தருகிற நிதி உதவி. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட், வீட்டில் யாருக்கும் இன்னும் ஆரஞ்சு விஷயம் தெரியாது. மாமாவுக்கு மட்டும் லேசாகச் சொன்னேன், "டீச்சிங்குக்கு மாறிவிடு, ஃபுன்சா லுஷாகா பர்சரி கிடைக்கும், வேலையும் உறுதி" என்கிறார் (ஆசிரியர் படிப்புக்கு அரசு தருகிற உதவித்தொகை அது). எனக்கு லேபில் நிற்பதுதான் பிடிக்கும். ஆனால் பிடித்தது என்பதற்காக விழுந்துகொண்டே இருக்க முடியுமா என்றும் தெரியவில்லை.

ஃபேகல்டியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. மாட்யூல் மாற்றும் கடைசி நாளுக்கு முன் படிப்பு ஆலோசகரைப் பார்க்க வேண்டுமாம். அதற்கு இன்னும் ஒன்பது நாள்தான். ஒரு தடவை அந்த அறை வரைக்கும் போனேன். கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள், அப்படியே திரும்பி வந்துவிட்டேன். இது போக, முதல் ஆண்டில் எனக்கு ஒரு விரிவுரையாளரை வழிகாட்டி என்று ஒதுக்கினார்கள், "எந்தப் பிரச்சினை என்றாலும் வா" என்றார். மார்ச்சில் போனேன். "எல்லாம் சரியாகப் போகிறதா?" என்று கேட்டார், "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டே நிமிஷம்.

இவர்கள் இருவரில் யாரிடம் என்ன கேட்க வேண்டும்? என்ன எடுத்துப் போக வேண்டும்? போனால் வெளியே அனுப்பிவிடுவார்களா?


மெரிபேங்க் அக்கா:

மல்லி, முதலில் ஒன்று. வெளியே அனுப்புகிறவர்கள் மெயில் அனுப்பிக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச மாட்டார்கள். உன்னைக் கூப்பிட்டிருப்பது சிவப்புக்குப் போகாமல் நிறுத்தத்தான். நான் ஒரு ஃபேகல்டியில் ஆறு ஆண்டு ஆலோசகர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், இப்போது வேறு வேலை.

நீ பார்த்த அந்த அழுத பெண்ணைப் பற்றிக் கவலைப்படாதே. எங்கள் மேஜையில் டிஷ்யூ பெட்டி எப்போதும் இருக்கும், முடிவு வரும் வாரத்தில் இரண்டு பெட்டி தீரும். பையன்களும் அழுவார்கள், பாதிப் பேர் வீட்டில் சொல்லாமல்தான் வருவார்கள். அழுது முடித்த பிறகுதான் உருப்படியாகப் பேச்சே ஆரம்பிக்கும்.

உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன், பயம் பாதி போய்விடும். ஆலோசகர் திரையில் உன் மார்க்கை முழுக்கத் திறப்பார். பக்கத்தில் டிகிரித் திட்டத் தாள் ஒன்று, மூன்று ஆண்டு மாட்யூலும் கட்டம் கட்டமாக. பாஸானதை ஹைலைட்டரால் பூசுவார், விழுந்ததை வட்டம் போடுவார், வட்டத்திலிருந்து அது எதையெல்லாம் அடைக்கிறதோ அங்கெல்லாம் அம்பு. உன் தாளில் எங்கே வட்டம் வரும் தெரியுமா? முதல் ஆண்டு கெமிஸ்ட்ரியில். அங்கிருந்து கிளம்புகிற அம்புகளைப் பார்த்தால் உனக்கே புரியும், உன் 46 பயோகெமில் விழுந்த 46 இல்லை, போன வருஷக் கெமிஸ்ட்ரியில் விழுந்தது. நாற்பது எடுத்தால் மேலே போகலாம் என்ற விதி உனக்கு நல்லது செய்வது மாதிரி கெட்டது செய்துவிட்டது. ஆனால் விதியைத் திட்டி இப்போது பயனில்லை.

அப்புறம் நேரத்தைப் பற்றிக் கேட்பார். கட்டாயம் கேட்பார், கேட்காவிட்டால் நீயே சொல். இந்த நாட்டில் ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேர உழைப்பு என்று கணக்கு. வகுப்பு, லேப், வீட்டில் படிப்பது எல்லாம் சேர்த்துத்தான். 16 கிரெடிட் மாட்யூல் ஒன்றுக்கு 160 மணி, நான்குக்கு 640. தேர்வோடு சேர்த்து பதினாறு வாரம் என்று வைத்தால் வாரம் 40 மணி நேரம், ஒரு முழு வேலை. இதற்கு மேலே நீ டாக்சியில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாய், வீட்டு வேலை எவ்வளவு, வெளியே வேலை செய்கிறாயா, இதை இன்று இரவே ஒரு தாளில் எழுது. உண்மையை எழுது. நிறையப் பேர் "நான் சரியாகப் படிக்கவில்லை மேடம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் வாரத்தில் அவர்களுக்கு மிச்சமிருப்பதே பன்னிரண்டு மணி நேரமாக இருக்கும், அதில் எங்கே படிப்பது?

எடுத்துப் போக வேண்டியது: மார்க் பிரிண்ட், ஹேண்ட்புக்கில் உன் டிகிரி வருகிற இரண்டு பக்கம், இந்த செமஸ்டர் டைம்டேபிள், அந்த நேரக் கணக்குத் தாள். கேள்விகளையும் எழுதி எடுத்துக்கொண்டு போ. உள்ளே போனதும் மறந்துவிடும், எல்லோருக்கும் மறக்கும்.

ஆலோசகரால் மார்க்கை மாற்ற முடியாது, சப்புக்கு இன்னொரு சப் கொடுக்க முடியாது. மாட்யூலைக் குறைக்கச் சம்மதிக்கலாம், கூட்டலாம், மேஜரை மாற்ற வழி சொல்லலாம், டியூட்டரிடமோ கவுன்சலரிடமோ அனுப்பலாம். பணத்தைப் பற்றி அவர் வாயால் சொன்னதை மட்டும் நம்பி வராதே. நிதி உதவி அலுவலகம் தனி. ஒரு மாட்யூலைக் குறைத்தால் என் பணத்துக்கு என்ன ஆகும் என்று அங்கே மெயிலில் கேட்டு மெயிலில் பதில் வாங்கிவிட்டு அப்புறம் குறை. இதில் நான் பார்த்த கண்ணீர் கொஞ்ச நஞ்சமில்லை.

பெரும்பாலும் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், அதில் நேரத்துக்கு நேராகப் பெயர் எழுத வேண்டும். நாளைக்கே போய் எழுதிவிடு. கடைசி மூன்று நாளில் வரிசை படிக்கட்டு வரைக்கும் நிற்கும், அப்போது உனக்கு எட்டு நிமிஷம்கூடக் கிடைக்காது.


டொங்காட் மாமா:

பாப்பா, கோபித்துக்கொள்ளாதே. எங்கள் காலத்தில் ரோபோவும் இல்லை, ஆலோசகரும் இல்லை. என் பெரியண்ணன் சாலிஸ்பரி தீவில் படித்தவர், 1961இல் இந்தியர்களுக்கென்று அங்கே கல்லூரி திறந்தார்களே, துறைமுகத்தில் படகு பிடித்துப் போக வேண்டும். பழைய கடற்படைக் கட்டடத்தில் வகுப்பு, மழை பெய்தால் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போவார். யாரும் கையைப் பிடித்துக் கூட்டிப் போகவில்லை, படித்து முடித்தார். இப்போது எதற்கெடுத்தாலும் ஒரு ஆபீஸ், ஒரு ஃபாரம், ஒரு மேடம். கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தால் கெமிஸ்ட்ரி வரும். உன் மாமா சொல்வதும் தப்பில்லை, வாத்தியார் வேலைக்கு என்ன குறை?


ஃபீனிக்ஸ் லேப் பையன்:

மாமா, உங்கள் பெரியண்ணனுக்கு வணக்கம், நிஜமாகவே. ஆனால் அவரோடு அந்தப் படகில் ஏறி முடிக்காமல் போனவர்களின் கதையை எந்த வீட்டிலும் சொல்வதில்லை, அதுதான் பிரச்சினை. இப்போதும் கதை பெரிதாக மாறவில்லை. உயர்கல்விக் கவுன்சில் 2013இல் ஒரு அறிக்கை போட்டது, வகுப்புக்குப் போய்ப் படிக்கிற பல்கலைகளிலேயே நாலு பேரில் ஏறக்குறைய ஒருவர்தான் குறித்த காலத்தில் டிகிரியை முடிக்கிறார் என்று. மிச்ச மூன்று பேரும் புத்தகத்தைத் திறக்காதவர்களா? அந்தக் குழு மூன்றாண்டுப் படிப்பை நாலாண்டாக்கலாம் என்றே யோசனை சொன்னது, அது நடக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த ஆலோசகர் வேலை இங்கே பல இடங்களில் சூடுபிடித்தது. 2014இல் மாணவர்கள் டிகிரியை முடிக்க உதவுவதற்கென்று சியாஃபுமெலெலா என்ற திட்டம் வந்தது, எலெட்சா என்று ஆலோசகர்களுக்கே நாடு முழுக்க ஒரு சங்கம் இருக்கிறது.

சரி, மல்லி. நான் ஹானர்ஸ் (டிகிரிக்குப் பிறகு வருகிற ஒரு ஆண்டுப் படிப்பு) படிக்கிறேன், இங்கே வந்து சேர எனக்கு ஐந்து ஆண்டு ஆனது. நானும் உன்னைப் போலத்தான், ஆரஞ்சு வந்தது, போகவில்லை. அடுத்த செமஸ்டரில் விட்டதைப் பிடிக்கிறேன் என்று நாலுக்குப் பதிலாக ஐந்து மாட்யூல் போட்டேன், மூன்றில் விழுந்தேன். ஐந்தாம் ஆண்டுக்கு என்எஸ்ஃபாஸ் கிடையாது. அம்மா பெரியம்மாவிடம் கடன் வாங்கினார், இன்னும் தீர்க்கவில்லை.

அதனால் ஆலோசகரிடம் போ, ஆனால் வெறுங்கையோடு போகாதே. அவர் நூற்றுக்கணக்கான பேரைப் பார்க்கிறவர், உன் கணக்கை உன்னை விட நன்றாக அவர் போட மாட்டார். நீ சொன்னதை வைத்து நான் போட்டுப் பார்த்தேன், சரியா பார். ஆண்டுக்கு எட்டு மாட்யூல், மூன்று ஆண்டுக்கு 24. நீ பாஸானது ஆறும் இரண்டும் எட்டு. பாக்கி பதினாறு. 2018இலிருந்து சேர்ந்தவர்களுக்கு என்எஸ்ஃபாஸ் படிப்புக் காலத்துக்கு மேலே ஒரு ஆண்டு தருகிறது, அப்படியானால் உனக்கு மொத்தம் நாலு ஆண்டு, மிச்சம் ஐந்து செமஸ்டர். ஐந்தில் பதினாறு என்றால் மூன்று, நாலு, மூன்று, மூன்று, மூன்று என்று போனாலே முடிகிறது. அதாவது கிரெடிட்டில் உனக்கு மூச்சு விட இடம் இருக்கிறது. இந்த செமஸ்டரில் நாலு போட்டே ஆக வேண்டும் என்று ஒன்றுமில்லை.

இடம் இல்லாதது வேறு ஒன்றில். கெமிஸ்ட்ரி இரண்டாம் பகுதி ஜூலையில்தான் நடக்கும், ஆண்டுக்கு ஒரே தடவை. பயோகெம் முதல் பகுதி பிப்ரவரியில்தான். இதைத் தேதி போட்டு எழுதிப் பார்: இப்போது கெமிஸ்ட்ரி, வருகிற பிப்ரவரியில் பயோகெம், ஜூலையில் அதன் அடுத்த பகுதி, நாலாம் ஆண்டு முழுக்க மூன்றாம் நிலைப் பயோகெம். சரியாக நாலாம் ஆண்டுக் கடைசியில் முடிகிறது, ஒரு நாள்கூட உபரி இல்லை. நடுவில் ஒன்றில் விழுந்தால் ஐந்தாம் ஆண்டு, அந்தச் செலவு அப்பா தலையில். மைக்ரோவில் இந்தச் சிக்கல் இல்லை. அதனால் ஆலோசகரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்: பயோகெமை மேஜராக வைத்துக்கொள்வதா, மைக்ரோவோடு ஜெனிடிக்ஸ் மாதிரி வேறொன்றைச் சேர்த்தால் எத்தனை மாட்யூல் கூடும்? இதை அவர் திட்டத் தாளில் கையால் எழுதித் தரச் சொல். ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்.

உன் மாமாவின் டீச்சிங் யோசனைக்கு வருகிறேன். இப்போது பிஎட்டுக்கு மாறினால் என்எஸ்ஃபாஸ் ஆண்டுக் கணக்கு புதிதாக ஆரம்பிக்காது, நீ படித்த ஆண்டெல்லாம் அதில் சேர்ந்துதான் இருக்கும். அதை விட, பிஎஸ்சி முடித்துவிட்டு ஒரே ஆண்டு பிஜிசிஇ படித்தும் ஆசிரியர் ஆகலாம், ஃபுன்சா லுஷாகா அதற்கும் உண்டு, எத்தனை ஆண்டு பணம் வாங்கினாயோ அத்தனை ஆண்டு பள்ளியில் வேலை செய்ய வேண்டும். எந்தப் பாடம் எந்த அளவு படித்திருந்தால் எதைக் கற்பிக்கலாம் என்பதை மட்டும் இப்போதே விசாரித்து வை. ஆக அந்தக் கதவு எங்கும் போகவில்லை, மாமாவிடம் அப்படியே சொல்.


சாட்ஸ்வர்த் மல்லி:

அக்கா, அண்ணா, இரண்டு பதிலையும் மூன்று தடவை படித்தேன். டொங்காட் மாமா, கோபமெல்லாம் இல்லை, எங்கள் தாத்தாவும் இதையேதான் சொல்லியிருப்பார்.

நேரக் கணக்கு எழுதினேன் அக்கா. போக டவுனுக்கு ஒரு டாக்சி (இங்கே டாக்சி என்றால் பலர் சேர்ந்து போகிற வேன்), அங்கிருந்து இன்னொன்று, வரவும் அப்படியே, ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், ஐந்து நாளுக்கு பதினைந்து. சனி ஞாயிறு ஒரு துணிக்கடையில் நிற்கிறேன், பதினாறு மணி நேரம், அதை இங்கே முதலில் எழுதவில்லை, வெட்கமாக இருந்தது. அப்பா இரவு ஷிஃப்ட் என்பதால் காலையில் ஆயாவுக்கு நான்தான் எல்லாம், அது தினமும் ஒன்றரை மணி நேரம். நாற்பதோடு இதையெல்லாம் கூட்டினால் 81க்கும் மேலே வருகிறது. எழுதி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழிகாட்டி சாரை என்ன செய்வது? அவரைப் பார்க்கப் போனாலும் மறுபடி "சரி சார்"தான் வாயில் வரும்.


பைன்டவுன் வாத்தியார்:

அந்த "சரி சார்" எனக்கு நன்றாகப் பழக்கம், அதனால்தான் எழுதுகிறேன். நான் திருநெல்வேலிப் பக்கம், இங்கே வந்து பதினோரு ஆண்டாக ஒரு பல்கலையில் சொல்லிக்கொடுக்கிறேன், பாடம் உங்கள் பாடத்துக்குப் பக்கத்துப் பாடம்தான்.

ஆலோசகர் வேலை என்ன என்று மெரிபேங்க் அக்கா சரியாகச் சொல்லிவிட்டார். மாட்யூலைச் சேர்க்கவோ நீக்கவோ என் மாதிரி ஆட்களின் பேச்சுக்கு மதிப்பில்லை, விதிகளும் எங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அதை எங்களிடம் கேட்டால் சில சமயம் தப்பான பதில் வரும், நானே இரண்டு தடவை தப்பாகச் சொல்லியிருக்கிறேன். எங்களிடம் கேட்க வேண்டியது பாடத்தை. "நான் ஏன் விழுந்தேன்?" என்று கேளுங்கள் தங்கச்சி. ஆனால் அந்தக் கேள்வியை விடைத்தாள் கையில் இல்லாமல் கேட்டால் "இன்னும் நன்றாகப் படியுங்கள்" என்ற பதில்தான் கிடைக்கும். முடிவு வந்த பிறகு குறிப்பிட்ட நாளுக்குள் விடைத்தாளைப் பார்க்கக் கேட்கலாம், பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பாடத்தை எடுத்தவருக்கு மெயில் போட்டுப் பயோகெம் சப் விடைத்தாளைப் பாருங்கள், மார்க் எங்கே போயிருக்கிறது என்று கேள்வி வாரியாக எழுதிக்கொண்டு, அந்தத் தாளோடு வழிகாட்டி சாரிடம் போங்கள்.

நான் பார்த்த தாள்களை வைத்து ஊகிக்கிறேன். என்சைம் பற்றிய கேள்வியில் பக்கம் பக்கமாக நன்றாக எழுதியிருப்பீர்கள். பஃபர் கணக்கு வந்ததும் வெள்ளைத் தாள். பஃபரின் பிஎச் கண்டுபிடிக்கிற ஹென்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாட்டை எழுதியிருப்பீர்கள், மனப்பாடம் என்பதால், ஆனால் லாக்குக்குள் எது மேலே எது கீழே என்பதில் தடுமாறியிருப்பீர்கள். பிஎச் 7இல் இந்த அமினோ அமிலத்தில் எவ்வளவு சார்ஜ் என்று கேட்டால் அதிலும் போயிருக்கும். இதெல்லாம் கெமிஸ்ட்ரியில் அமிலம், காரம், சமநிலை நடத்துகிற அந்த மூன்று வாரம். அப்படித்தான் இருந்தால் நீங்கள் மறுபடி படிக்க வேண்டியது முழுப் புத்தகம் இல்லை, இரண்டு அத்தியாயம். தாளைப் பார்க்காமல் இது தெரியாது, எனக்கும் தெரியாது.

மெயில் எழுதுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு வருகிற மெயிலில் முதல் ஆறு வரி மரியாதை, ஏழாவது வரி நன்றி, கேள்வியைக் காணோம். நம் பிள்ளைகள்தான் இதில் முதலிடம், வளர்ப்பு அப்படி. தலைப்பில் மாணவர் எண்ணும் மாட்யூல் பெயரும் போடுங்கள். உள்ளே: "நான் பயோகெம் சப்பில் 46 எடுத்தேன். விடைத்தாளைப் பார்த்தேன், பஃபர் பகுதியில் மார்க் போயிருக்கிறது, அதைப் பற்றிக் கால் மணி நேரம் பேச வேண்டும், செவ்வாயா புதனா எது உங்களுக்கு வசதி?" அவ்வளவுதான், ஆங்கிலத்திலும் இதே அளவு. நாலு நாளில் பதில் இல்லாவிட்டால் இன்னொரு மெயில் போடலாம், அது அவமரியாதை ஆகாது, பாதி நேரம் நாங்கள் மறந்துதான் போயிருப்போம்.

என் தப்பு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒதுக்கப்பட்ட ஒரு பையன், மூன்று தடவை என் அறைக்கு வந்தான். மூன்று தடவையும் கதவுக்கு உள்ளே ஒரு அடி வைத்து நின்றபடியே பேசினான். "எல்லாம் ஓகேவா?" "ஓகே டாக்." நானும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினேன். நாலாவது தடவை அவன் வரவில்லை, அக்டோபரில் டிபி, அதாவது தேர்வு எழுத அனுமதி, கிடைக்காதவர்கள் பட்டியலில்தான் பெயரைப் பார்த்தேன். ஒன்றுமில்லாதவன் மூன்று தடவை எதற்கு வந்து நிற்கிறான் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதிலிருந்து யார் வந்தாலும் முதலில் நாற்காலியை இழுத்துப் போடுகிறேன், "எல்லாம் சரியா" என்று கேட்பதையும் விட்டுவிட்டேன், "எதில் மார்க் போனது" என்றுதான் கேட்கிறேன். உங்கள் சார் அப்படிக் கேட்காவிட்டால் நீங்களே நாற்காலியில் உட்காருங்கள். உட்கார்ந்துவிட்டால் இரண்டு நிமிஷத்தில் எழுந்து போவது கஷ்டம், அவருக்கும் அனுப்புவது கஷ்டம்.

இப்போதைக்கு இது சிபாரிசுக் கடிதத்துக்கான உறவு என்று நினைக்காதீர்கள், அதற்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. ஆனால் ஹானர்ஸுக்கோ பிஜிசிஇக்கோ போகும்போது, 46 எடுத்துவிட்டு விடைத்தாளோடு வந்த பெண் என்று ஒருவருக்கு உங்களைத் தெரிந்திருந்தால், அவர் எழுதுகிற கடிதத்தில் எழுத ஏதாவது இருக்கும்.


டொங்காட் மாமா:

81 மணி நேரமா. பாப்பா, அந்தத் துணிக்கடை வேலையில் ஒரு நாளைக் குறைக்க முடியுமா என்று பார். நான் எழுதியதில் கொஞ்சத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முழுக்க இல்லை.


சாட்ஸ்வர்த் மல்லி:

இன்றைக்குப் போனேன். கதவில் தாள் ஒட்டியிருந்தது அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே. திங்கள் 10:20க்கு எதிரே ஒன்றும் இல்லை. பென்சில் கயிற்றில் தொங்கியது, முனை உடைந்திருந்தது, என் பேனாவால் எழுதிவிட்டு வந்தேன். விடைத்தாளுக்கு மெயில் போட்டுவிட்டேன், நாலே வரி, வாத்தியார் அண்ணா சொன்ன மாதிரி. அனுப்புவதற்கு முன் "நலமாக இருக்கிறீர்கள் என நம்புகிறேன்" என்று ஒரு வரி தானாக வந்துவிட்டது, அழிக்க மனசு வரவில்லை, ஒரே ஒரு வரிதான்.

நிதி உதவி அலுவலகத்துக்கும் கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கே போடுகிறேன், வேறு யாருக்காவது உதவும். அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லப் போகிறேன், அன்றைக்கு அவருக்கு ஷிஃப்ட் இல்லை. திட்டத் தாளை நானே வரைந்திருக்கிறேன், வட்டமும் அம்பும் போட்டு. அதைக் காட்டித்தான் பேச வேண்டும், வெறும் வாயால் சொன்னால் நான் அழுதுவிடுவேன்.


மெரிபேங்க் அக்கா:

அழுதாலும் தாளைக் காட்டு. திங்கட்கிழமை ஐந்து நிமிஷம் முன்னாலேயே போய்விடு, 10:10க்கு வந்தவர் சீக்கிரம் முடித்தால் அந்த நேரமும் உனக்குத்தான்.